பதின்ம வயதினருக்கான காட்டு நாவல் நடுவயதில் ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கிறது?

கேள்வி

வணக்கம். கேரி பால்சன் எழுதி 1987-இல் வெளியான ‘ஹாட்செட்’ நாவலை அண்மையில்தான் முதன்முறையாகப் படித்தேன். பதின்ம வயதினருக்காக எழுதப்பட்ட நூல் அது. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் வகுப்பிலேயே வாசிக்கப்படுகிறது. நான் நடுவயதைத் தாண்டியவன். சிறுவயதில் இந்த நூலின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை என்பதால், பழைய நினைவுகளின் இனிமைதான் என்னை ஈர்க்கிறது என்று சொல்லிவிட முடியாது.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெற்றோர் மணமுறிவு பெற்ற பிறகு, கனடாவின் வடபகுதி எண்ணெய் வயலில் வேலை பார்க்கும் தந்தையோடு கோடையைக் கழிப்பதற்காகச் சிறிய விமானமொன்றில் தனியாகப் புறப்படுகிறான் 13 வயது பிரையன். வழியில் விமானி மாரடைப்பால் இறந்துபோகிறார். விமானம் காட்டு ஏரி ஒன்றில் விழுகிறது. உடுத்தியிருந்த துணியும், தாய் பரிசளித்த கைக்கோடரியும் தவிர அவனிடம் ஏறக்குறைய எதுவும் மிஞ்சவில்லை. அதன்பின் 54 நாட்கள் அவன் எப்படி உயிரோடிருந்தான் என்பதே நாவல்.

என்னைக் கட்டிப்போட்ட இடம் விமான விபத்து அன்று. தீ மூட்டும் பகுதிதான். இருட்டில் குகைக்குள் நுழைந்த முள்ளம்பன்றியை நோக்கி அவன் வீசிய கோடரி கற்சுவரில் பட்டுத் தெறித்த பொறிகளை, மறுநாள் வேண்டுமென்றே வரவழைக்கப் பார்க்கிறான். காய்ந்த புல்லில் பொறி விழுந்து அணைகிறது, சுள்ளிகளிலும் அப்படியே. பையில் இருந்த இருபது டாலர் தாளைக் கிழித்துப் போட்டுப் பார்க்கிறான், அதுவும் பற்றவில்லை. பிறகு பிர்ச் மரப்பட்டையை மயிரிழைகளாக உரித்துப் பந்தாகத் திரட்டி வைத்துப் பொறிகளை விழச்செய்கிறான். அப்போதும் பொறி கனன்று அணைகிறதே ஒழியத் தீயாகவில்லை. வாயால் ஊதிக் காற்றுக் கொடுக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றும் வரை பக்கங்கள் நகர்கின்றன. ‘நிகழ்ச்சி’ என்று சொல்லத்தக்க எதுவும் அவற்றில் இல்லை; ஆனாலும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. பெரியவர்களுக்கான நாவல்களில் எத்தனையோ சிக்கலான மனிதர்களைச் சந்தித்திருந்தும், இந்த அளவு கவனம் குவிந்து நான் படித்து நெடுங்காலமாகிறது.

என் கேள்விகள் இவைதாம். இந்த ஈர்ப்புக்குக் காரணம் என்ன? வயதுவந்த வாசகர் இத்தகைய நூலில் காண்பது சிறுவன் காண்பதிலிருந்து வேறுபட்டதா? மேலும், இந்தப் பிழைப்பு எந்த அளவு நம்பத்தக்கது? மீட்பு வரும் முடிவு சற்று எளிதாக அமைந்துவிட்டதாக எனக்குப் பட்டது. இதே தன்மையுள்ள வேறு நூல்களையும் சொன்னால் மகிழ்வேன்.

முதல் பதில்

தங்கள் கேள்வியின் நடுப்பகுதியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அங்கேதான் இருக்கிறது. சிறுவன் காணும் நாவலும் நாம் காணும் நாவலும் முதல் சில பக்கங்களிலேயே பிரிந்துவிடுகின்றன. விமானி தோளைத் தேய்த்துக்கொள்கிறார். வலி கைக்கு இறங்குகிறது. வயிறு சரியில்லை என்கிறார். பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிரையனுக்கு இவை தொடர்பற்ற சிறு அசௌகரியங்கள். அவனைப் போன்ற வயதில் படிக்கும் பிள்ளைக்கும் அப்படியே. நமக்கோ முதல் அறிகுறியிலேயே நெஞ்சு பதைக்கிறது. குடும்பத்திலோ அலுவலகத்திலோ ஒருவரையாவது அந்த நிலையில் கண்டிராத பெரியவர்கள் குறைவு. என்ன வரப்போகிறது என்று தெரிந்தும் எச்சரிக்க முடியாமல் அந்த விமானத்தின் பின்னிருக்கையில் உட்கார்ந்திருப்பவர்போல் நாம் படிக்கிறோம். பால்சன் அவசர ஊர்திச் சேவையில் தொண்டராகப் பணியாற்றி மாரடைப்பு மரணங்களை நேரில் கண்டவர். அந்தக் காட்சியின் துல்லியம் அங்கிருந்துதான் வருகிறது என்பதை, இந்நாவலுக்குப் பின்னிருந்த தன் அனுபவங்களைச் சொல்லும் ‘கட்ஸ்’ (2001) என்ற நூலில் அவரே விவரித்திருக்கிறார்.

அடுத்தது அந்தக் கோடரி. அதை இடுப்பு வாரில் மாட்டிப் பார்க்கும்படி தாய் கேட்கிறாள். அவனுக்கு அது சற்றுக் கூச்சமாக இருக்கிறது. இருந்தும் அவள் மனம் நோகக் கூடாது என்று மாட்டிக்கொள்கிறான், கழற்றாமலே விமானமேறுகிறான். அவள்மீது அவனுக்கு உள்ளூரக் கடுங்கோபம் உண்டு. வேறொருவருடன் அவளைப் பார்த்துவிட்ட இரகசியத்தை நெஞ்சில் அழுத்திக்கொண்டுதான் புறப்பட்டிருக்கிறான். அப்படிப்பட்டவளின் மனத்தை நோகடிக்காமல் இருக்க அவன் செய்த அந்தச் சிறு விட்டுக்கொடுத்தல்தான் அவன் உயிரைக் காக்கிறது. ஆசிரியர் இதை எங்கும் எடுத்துரைக்கவில்லை. பிள்ளைகளிடமிருந்து இத்தகைய அரைமனத்து அன்பைப் பெற்றுப் பழகிய பெற்றோர்தான் அந்த இடத்தில் நின்று படிப்பார்கள். நாவலின் இறுதியில், திரும்பி வந்தவன் அந்த இரகசியத்தைத் தந்தையிடம் சொல்லவில்லை என்று ஆசிரியர் முடிக்கிறார். பன்னிரண்டு வயதில் படிப்பவருக்கு அது ஓர் ஏமாற்றமாக இருக்கக்கூடும். எனக்கு அதுதான் நூலின் மிக முதிர்ந்த வரி.

ஈர்ப்புக்கான காரணம் பற்றித் தாங்கள் கேட்டதற்கு, நாவலில் வரும் காட்டுக்கோழி வேட்டையை எடுத்துக்காட்டலாம். காலடியிலிருந்து திடீரென்று படபடத்துப் பறக்கும் அந்தப் பறவைகளைப் பிரையனால் நாள்கணக்கில் பார்க்கவே முடியவில்லை. அவன் தேடியது நிறத்தையும் இறகையும். அவையோ இலைச்சருகோடு கலந்துபோனவை. பேரிக்காய் போன்ற உடல்வடிவத்தின் புறக்கோட்டைத் தேடத் தொடங்கியதும், அதுவரை வெறும் புதராக இருந்த இடமெல்லாம் பறவைகளாகத் தெரிகின்றன. இங்கு நிகழ்ந்தது ஒரு மனிதன் பார்க்கக் கற்றுக்கொண்டது, வேறொன்றுமில்லை. அதை வாசகர் கண்முன்னே, ஒரு படியும் தாண்டாமல் நிகழ்த்திக்காட்டுகிறார் ஆசிரியர். பெரியவர்களுக்கான நாவல்களில் பாத்திரம் ‘கற்றுக்கொண்டது’ என்று நமக்குச் சொல்லப்படுவதே அதிகம். எப்படிக் கற்றது என்று உடனிருந்து பார்க்கும் வாய்ப்பு அரிது. தாங்கள் தீ மூட்டும் பகுதியில் அடைந்த மனக்குவிப்புக்கும் இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தேடிவந்த விமானம் அவனைக் காணாமல் திரும்பிப்போன பிறகு, கதை பல நாட்களைத் தாண்டிக் குதிக்கிறது. இடையில் அவன் விரக்தியில் தன்னை மாய்த்துக்கொள்ள முனைந்ததை, அதைக் கடந்து வந்தவனின் நினைவாகத்தான் அறிகிறோம். இளம் வாசகர் அந்த இருளுக்குள் நுழையும்போதே அவன் பிழைத்துவிட்டான் என்பதை அறிந்திருக்கிறார். எதையும் மறைக்காமலும் யாரையும் கைவிடாமலும் எழுதும் இந்தப் பொறுப்பை நான் மிகவும் மதிக்கிறேன்.

இரண்டாம் பதில்

நான் காட்டில் கூடாரமிட்டுத் தங்கும் பழக்கம் உடையவன். ஆகவே நம்பகத்தன்மை பற்றிய கேள்விக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

தீ மூட்டும் காட்சி இயற்பியல்படி சரியானது. எஃகைவிடக் கடினமான கல்லில் எஃகு உரசும்போது நுண்ணிய இரும்புத் துகள்கள் செதுக்கப்பட்டு, உராய்வின் வெப்பத்தில் காற்றோடு சேர்ந்து எரிகின்றன. நாம் காணும் பொறி எரியும் இரும்புதான். சிக்கல் பொறியை வரவழைப்பதில் இல்லை, அதைத் தாங்கிப் பிடிக்கும் பொருளில்தான் இருக்கிறது. சிக்கிமுக்கிக் கல்லும் எஃகும் அன்றாடப் பொருளாக இருந்த காலத்தில், மக்கள் கரியாக்கிய துணியையோ மரத்தில் வளரும் ஒருவகைக் காளானின் உலர்ந்த சதையையோ வைத்திருந்தார்கள், ஏனெனில் அவைதாம் சிறு பொறியையும் கனலாக ஏந்திக்கொள்ளும். பிர்ச் பட்டையில் எண்ணெய்ப்பசை உண்டு, ஈரத்திலும் எரியும். ஆனால் வெறும் பொறியிலிருந்து அதைப் பற்றவைக்க வேண்டுமானால் பஞ்சைவிட மெல்லியதாக உரித்தெடுக்க வேண்டும். முன்பயிற்சியில்லாத சிறுவனுக்கு அது கைகூடுவது அரிது, இயலாததன்று. நாவல் அவனைத் திரும்பத் திரும்பத் தோற்கவிட்ட பிறகே வெல்லவிடுகிறது என்பதால் நான் மனமார ஏற்றுக்கொள்கிறேன். தீ எரியத் தொடங்கியதும் புகைக்குப் பயந்து கொசுக்கள் விலகுவதையும் கவனித்திருப்பீர்கள். வடகாடுகளின் கோடைக் கொசுப்படையை அறிந்தவர்களுக்கு, சமைப்பதைக் காட்டிலும் அந்த ஒரு பயனுக்காகவே தீ வேண்டியிருக்கும்.

உணவு விஷயத்திலும் பெரும்பாலும் நேர்மை இருக்கிறது. முதலில் கிடைத்த பழத்தை வயிறு முட்டத் தின்று, இரவெல்லாம் வாந்தியிலும் வயிற்றுப்போக்கிலும் துடிக்கிறான். அவை சோக்செர்ரிப் பழங்கள் என்று பின்னுரையில் தெரிகிறது. அவற்றின் சதை துவர்ப்பானது, கொட்டையிலோ சயனைடை வெளியிடும் பொருள் இருக்கிறது. நீருக்குள் மீனைக் குறிவைத்துத் தவறிக்கொண்டே இருப்பவன், ஒளிவிலகலைப் பற்றி வகுப்பில் கேட்டதை நினைவுகூர்ந்து, மீன் தோன்றும் இடத்துக்குச் சற்றுக் கீழே குறிவைத்துப் பிடிக்கிறான். இதுவும் சரி. நான் குறை காணும் இடம் ஏரித் தண்ணீர். காய்ச்சாத நீரைக் குடித்தே அவன் வாழ்கிறான். வடகாட்டு ஏரிகளில் ஜியார்டியா என்னும் குடல் ஒட்டுண்ணி இருப்பதுண்டு. தொற்றினால் ஓரிரு வாரத்தில் ஆளைப் படுக்கவைத்துவிடும். நாவல் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

முடிவைப் பற்றித் தாங்கள் சொன்னது தங்களுக்கு மட்டும் தோன்றியதன்று. சுழல்காற்றில் விமானத்தின் வால் நீருக்கு மேலே வர, உள்ளிருந்த அவசரகாலப் பையிலிருந்து அபாய அறிவிப்புக் கருவியை எடுக்கிறான். அது இயங்குகிறதா என்பதே தெரியாமல் பொத்தானை அழுத்திவிட்டு வைத்துவிடுகிறான். அதன் ஒலியைக் கேட்ட விமானி ஒருவர் வந்து இறங்குகிறார். அந்தக் காலத்தில் இத்தகைய கருவிகள் 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்பின. அவ்வழி பறக்கும் விமானங்களுக்கு அது கேட்கும் என்பதால் இந்த முடிவு நடக்கக்கூடியதே. (செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கண்காணிப்பதை 2009 பிப்ரவரி 1 அன்று நிறுத்திவிட்டன. இப்போதுள்ள கருவிகள் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள் வழியே இருப்பிடத்தைத் தெரிவிக்கின்றன.) இருந்தும், கடுங்குளிர் வருமுன் மீட்கப்பட்டது அவனுடைய உண்மையான சோதனையைத் தவிர்த்துவிட்டது என்று வாசகர்கள் பலர் பால்சனுக்கு எழுதினார்கள். அதற்கு விடையாக, மீட்பே வரவில்லை என்று வைத்துக்கொண்டு 1996-இல் அவர் எழுதியது ‘பிரையன்ஸ் விண்டர்’. தாங்கள் அடுத்துப் படிக்க வேண்டியது அதுவே. கோடையில் பசி ஒன்றே பகையாக இருந்தவனுக்கு, பனிக்காலத்தில் உடையும் காலணியும் தங்குமிடத்தின் ஒவ்வொரு இடுக்கும் உயிர்ப் பிரச்சினையாகின்றன. கொழுப்பில்லாத முயல் இறைச்சியை மட்டுமே தின்று மனிதன் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது என்பது துருவப் பயணிகள் நன்கறிந்த உண்மை. ஆகவே அவன் பெரிய விலங்குகளை நோக்கிப் போக வேண்டியிருப்பதும் சரியான கணக்கே.

மூன்றாம் பதில்

முன்னிருவரும் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் ‘ஹாட்செட்’ வயதுவந்த வாசகருக்கு முழு நிறைவைத் தருகிறதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. பிரையனின் தனிமைக்கு ஒரு கோடைக்காலத்தின் நீளம்தான். மேலும், அவன் ஒன்றுமறியாதவனாகக் காட்டில் விழுந்து எல்லாவற்றையும் தானே கண்டுபிடிப்பதாக இவ்வகை நாவல் சித்திரிப்பது, மனிதர்கள் காட்டில் உண்மையில் பிழைத்த விதத்துக்கு நேர்மாறானது.

1971 டிசம்பர் 24 அன்று பெரு நாட்டின் அமேசான் காட்டின் மீது விமானம் சிதறியபோது, 17 வயது யூலியானே கெப்கே ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். 11 நாட்களுக்குப் பிறகு மனிதர்களை அடைந்தார். விலங்கியலாளர்களான பெற்றோருடன் அந்தக் காட்டிலேயே வாழ்ந்திருந்தவர் அவர். ஓடையைக் கண்டால் அதன் போக்கிலேயே செல், அது ஆற்றுக்கும் ஆறு மனிதர்களிடத்துக்கும் கொண்டுசேர்க்கும் என்பது வீட்டில் கற்ற பாடம். 2023-இல் கொலம்பியக் காட்டில் விமானம் விழுந்து, தாயை இழந்த நான்கு குழந்தைகள் 40 நாட்கள் உயிரோடிருந்தார்கள். மூத்தவளுக்கு வயது 13, கடைக்குட்டிக்கு ஒரு வயதுகூட நிறைந்திருக்கவில்லை. விமானத்திலிருந்த மரவள்ளி மாவை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் காய் தின்னத்தக்கது என்று பெரியவர்களிடம் கற்றிருந்த பழங்குடி அறிவைக் கொண்டு அவள் தம்பி தங்கைகளைக் காத்தாள். பிரையனின் அதே வயது! நாவலின் நாயகனைவிட அவள் சுமந்தது எத்தனை மடங்கு என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இந்தக் காரணத்தால் ஸ்காட் ஓ’டெல் 1960-இல் எழுதிய ‘ஐலண்ட் ஆஃப் தி ப்ளூ டால்ஃபின்ஸ்’ நாவலைப் பரிந்துரைக்கிறேன். கலிபோர்னியாக் கரைக்கு அப்பாலுள்ள சான் நிக்கோலஸ் தீவில் 1835 முதல் 1853 வரை 18 ஆண்டுகள் தனித்து வாழ்ந்த பழங்குடிப் பெண்ணின் வரலாற்றை ஒட்டி எழுதப்பட்டது அது. நாயகி கரானாவுக்குத் தன் மக்களின் அறிவு இருக்கிறது, அவர்களின் கட்டுப்பாடும் கூடவே இருக்கிறது: பெண்கள் ஆயுதம் செய்யலாகாது. செய்தால் என்ன கேடு நேருமோ என்ற அச்சத்தோடுதான் அவள் முதல் ஈட்டியைச் செய்கிறாள். பார்ப்பதற்கு ஒருவரும் இல்லாத தீவிலும் ஊரின் சட்டம் அவள் கையைத் தடுக்கிறது. தன் ஆட்களைக் கொன்ற கூட்டத்தைச் சேர்ந்த பெண்ணொருத்தியிடம்கூட, பேச்சுத்துணைக்கு ஏங்கி அவள் மெல்ல நட்புக்கொள்ளும் பகுதி, தனிமை என்பது என்ன என்பதைப் பிரையனின் ஏரிக்கரையைவிட ஆழமாகச் சொல்கிறது. வரலாற்றில் வாழ்ந்த அந்தப் பெண், சாண்டா பார்பராவுக்கு அழைத்துவரப்பட்ட ஏழே வாரங்களில் நோயுற்று இறந்தார். அவர் பேசிய மொழியை முழுமையாகப் புரிந்துகொள்ள அங்கே எவரும் இல்லை. பழங்குடி வாழ்வை ஓ’டெல் வெளியிலிருந்து சித்திரித்த விதத்தைப் பழங்குடி ஆய்வாளர்கள் கடுமையாக விமர்சித்திருக்கிறார்கள். அதையும் மனத்தில் வைத்துப் படிப்பது பெரியவர்களுக்கு இயலும்.

கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் நன்றி. அந்தக் கோடரியை இடுப்பில் மாட்டிக்கொள்ளும் காட்சியை நான் அவசரமாகக் கடந்துவிட்டேன் போலும். அதற்காகவே நூலை மீண்டும் எடுத்திருக்கிறேன்.

மூன்றாம் பதிலை எழுதிய நண்பரிடம் ஓரிடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். பிரையன் ஒன்றுமறியாதவனாக இருப்பது நூலின் குறை என்று எனக்குத் தோன்றவில்லை. எந்த மூத்தவரிடமும் காட்டைக் கற்காமல், விளக்குச் சொடுக்கிக்கும் குழாய்த் தண்ணீருக்கும் பழகிய வாசகர்களே இன்று பெரும்பான்மையினர். அவன் அறியாமை என்னுடைய அறியாமை. அதனால்தான் அவனுக்குப் பொறி பற்றாதபோது எனக்கு மூச்சு முட்டியது. இன்னொரு ஐயமும் எழுகிறது. அவசரகாலப் பையில் துப்பாக்கியும் லைட்டரும் கிடைத்தபோது, அவன் மகிழ்வதற்குப் பதிலாக ஏன் மனம் குழம்புகிறான்? ஆசிரியர் அந்த உணர்வை ஓரிரு வரிகளில் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

முதல் பதிலை எழுதியவர்

அந்த வரிகளைத் தாங்கள் பிடித்துக்கொண்டது எனக்குப் பெருமகிழ்ச்சி. அதுவரை அவன் பறவையை அடிக்க வேண்டுமானால் அதன் பழக்கத்தை அறிந்திருக்க வேண்டும், தீ வேண்டுமானால் அதை இரவும் பகலும் அணையாமல் காத்திருக்க வேண்டும். துப்பாக்கியை ஏந்தியதும் காட்டை அறிய வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது; லைட்டரும் அப்படியே. மீட்பு விமானம் வருவதற்கு முன்பே, அந்தப் பையைத் திறந்த கணத்தில் அவனுடைய காட்டுவாழ்க்கை முடிந்துவிட்டது என்றே நான் வாசிக்கிறேன். முடிவு திடீரென்று வந்ததாகத் தங்களுக்குத் தோன்றியது இதனாலும் இருக்கலாம். ‘பிரையன்ஸ் விண்டர்’ நூலில் அந்தத் துப்பாக்கி பயனற்றுப் போகிறது. அவன் மீண்டும் வில்லுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. படித்தபின் அந்த இடத்தைப் பற்றித் தங்கள் கருத்தை இங்கே எழுதுங்கள்.